ஒருநாள் வீதிச் சைக்கிளோட்டமும் விஞ்ஞானமும்: பரிஸ்–ரூபே போட்டி

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
மீட்டல் பாடம்

இப்பாடத்தில் மீட்கப்படும் எண்ணக்கருக்கள்:
• சராசரிக் கதி
• சமநிலையான விசைகள், வளித்தடை
• வேலை, சக்தி, வலு
• அமுக்கம், உராய்வு, சடத்துவம்
• கலச்சுவாசம்



மேலே தரப்பட்ட எண்ணக்கருக்களை நீங்கள் வெவ்வேறு அலகுகளில் தனித்தனியாகக் கற்றுள்ளீர்கள். ஆனால் பரீட்சையின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் அவை தனித்தனியாக வருவதில்லை. ஒரே நிகழ்வைத் தந்து, அதிலிருந்து நான்கைந்து எண்ணக்கருக்களை வினவுவதே வழக்கம். எனவே இப்பாடத்தில் ஓர் உண்மையான சைக்கிளோட்டப் போட்டியை எடுத்துக்கொண்டு, அதனூடாக இவ்வெண்ணக்கருக்களை ஒன்றாக மீட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு நிகழ்வு.

2021 ஒக்டோபர் 2ஆம் திகதி, பிரான்சின் வட பகுதியில் பெண்களுக்கான பரிஸ்–ரூபே சைக்கிளோட்டம் முதன்முறையாக நடைபெற்றது. வீதிகள் ஈரமாகவும் சேறாகவும் இருந்தன. மொத்தத் தூரம் 116.4 கிலோமீற்றர். முடிவிடத்துக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் இருக்கும்போது இங்கிலாந்து வீராங்கனை லிசி டெய்க்னன் கூட்டத்தை விட்டுத் தனியே முன்னே சென்றார். கல் பாவிய முதலாவது வீதியை முன்னணியில் இருந்து அடைந்து தம் அணியினருக்கு உதவுவதே அவரது நோக்கமாக இருந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது பின்னால் எவரும் இல்லை. அவர் தொடர்ந்து சென்றார். இறுதிவரை அவரை எவராலும் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் இடம் பெற்ற நெதர்லாந்து வீராங்கனை மரியான் வோஸ் 1 நிமிடம் 17 செக்கன் பின்னாலேயே வந்து சேர்ந்தார். கையுறை அணியாமல் ஓடிய டெய்க்னனின் சைக்கிள் கைபிடியில் இரத்தக் கறை படிந்திருந்தது.

இந்நிகழ்வு ஒரு வினாவை எழுப்புகிறது. சைக்கிளோட்டத்தில் தனியே முன்னே செல்பவரைப் பின்னால் வரும் கூட்டம் பெரும்பாலும் பிடித்துவிடும். அவ்வாறிருக்க, 80 கிலோமீற்றர் தூரம் தனியே சென்றவர் ஏன் பிடிபடவில்லை? இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு பாடத்தைப் படியுங்கள். இறுதியில் விடையை நீங்களே கூறக்கூடியதாக இருக்கும்.

1. போட்டி பற்றிய சில விபரங்கள்

பிரான்சின் சுற்றோட்டம் போன்ற போட்டிகள் பல நாட்களுக்கு நடைபெறுவன. அவற்றில் ஒருநாள் பின்தங்கியவர் மறுநாள் முன்னேறலாம். ஒருநாள் போட்டியில் அதற்கு இடமில்லை. காலையில் தொடங்கி மாலையில் முடிவடையும் ஒரே ஓட்டத்தில் வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படும்.

ஒருநாள் போட்டிகளுள் மிகப் பழமையானவையும் பெருமை வாய்ந்தவையுமான ஐந்து உள்ளன. அவற்றுள் ஒன்றே பரிஸ்–ரூபே. நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ரூபே நகரின் தொழிலதிபர்களான தியோடர் வியென், மொறிஸ் பெரே ஆகிய இருவரும் இதனை ஆரம்பித்தனர். முதற் போட்டி 1896இல் நடைபெற்றது. ஜேர்மனியரான ஜோசப் பிஷர் அதில் வெற்றி பெற்றார்.

போட்டியின் பெயரில் பரிஸ் இருந்தாலும், 1977 முதல் ஆண்களுக்கான போட்டி பரிசுக்கு வடக்கேயுள்ள கொம்பியேன் நகரில் ஆரம்பமாகி, ரூபே நகரின் சைக்கிளோட்ட அரங்கில் முடிவடைகிறது. தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அதில் 50 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம் கருங்கல் பாவிய பழைய கிராமத்து வீதிகளாகும். இவ்வீதித் துண்டுகள் ஏறத்தாழ முப்பது உள்ளன. அவை இறங்குவரிசையில் இலக்கமிடப்பட்டுள்ளன. முதலாவது இலக்கத் துண்டை அடைந்தால் முடிவிடம் அருகில் என்பது பொருள்.

இத்துண்டுகளுள் மிகவும் அஞ்சப்படுவது ஆரன்பேர்க் காட்டு வீதியாகும். இதன் நீளம் 2 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் முன்னர் வேலை செய்த சைக்கிளோட்ட வீரர் ஜான் ஸ்தப்லின்ஸ்கி கூறிய ஆலோசனையின்படி 1968இல் இவ்வீதி போட்டியில் சேர்க்கப்பட்டது.

இப்போட்டிக்கு "வடக்கின் நரகம்" என்றொரு பெயரும் உண்டு. முதலாம் உலகப் போரின் பின்னர், 1919இல் போட்டிப் பாதையைப் பார்வையிடச் சென்றவர்கள் குண்டுகளால் சிதைந்த நிலத்தையும் எரிந்த மரங்களையும் கண்டு இட்ட பெயர் அது. வெற்றியாளருக்கு வழங்கப்படும் பரிசுச் சின்னமும் ஒரு பாவுகல்லே ஆகும்.

2. சராசரிக் கதி

சராசரிக் கதி = சென்ற மொத்தத் தூரம் ÷ எடுத்த மொத்த நேரம்

உதாரணம் 1
லிசி டெய்க்னன் 116.4 கிலோமீற்றர் தூரத்தை 2 மணித்தியாலம் 56 நிமிடம் 7 செக்கனில் ஓடி முடித்தார். அவரது சராசரிக் கதியைக் காண்க.

தூரம் = 116.4 × 1000 = 116,400 மீற்றர்
நேரம் = (2 × 3600) + (56 × 60) + 7 = 10,567 செக்கன்
சராசரிக் கதி = 116,400 ÷ 10,567 = செக்கனுக்கு 11.0 மீற்றர் (அண்ணளவாக)

இதனை 3.6 ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 39.7 கிலோமீற்றர் எனப் பெறப்படும்.

கவனிக்க: இறுதிக் கோட்டில் அவரது முன்னிலை 77 செக்கன். சராசரிக் கதியைக் கொண்டு பார்த்தால் 77 × 11 = 847 மீற்றர். 80 கிலோமீற்றர் தனியே சென்றவருக்கு மிஞ்சிய பாதுகாப்பு, ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான தூரமேயாகும்.

3. தனியே செல்பவரை எதிர்க்கும் விசை

சோளகக் காற்று வீசும் நாளில் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? எவ்வளவு மிதித்தாலும் வண்டி முன்னேறாது. உங்களுக்கு முன்னால் ஒருவர் சென்றால், அவருக்குப் பின்னால் ஒட்டிச் செல்லும்போது மிதிப்பது இலகுவாகிறது. சைக்கிளோட்டப் போட்டியின் அடிப்படை இதுவே.

சமதரையில் வேகமாகச் செல்லும் சைக்கிளை எதிர்க்கும் விசைகள் பிரதானமாக இரண்டு.
(அ) வளித்தடை
(ஆ) ரயருக்கும் வீதிக்கும் இடையிலான உருளல் தடை

நல்ல தார் வீதியில், போட்டி வீரர்கள் செல்லும் கதியில், வளித்தடையே மிகப் பெரியது. கதி இரு மடங்காகும்போது வளித்தடை நான்கு மடங்காகும். அதாவது வளித்தடை கதியின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாகும்.

மாறாக் கதியில் நேர்கோட்டில் செல்லும் சைக்கிளில் தொழிற்படும் விளையுள் விசை பூச்சியமாகும். முன்னோக்கிய விசையும் பின்னோக்கிய விசைகளும் சமநிலையில் உள்ளன.

பரீட்சைக் குறிப்பு: "வேகமாகச் செல்வதால் முன்னோக்கிய விசை அதிகம்" என எழுதுவது மாணவர் பலரும் விடும் தவறாகும். முன்னோக்கிய விசை அதிகமாயின் சைக்கிள் ஆர்முடுகும். மாறாக் கதியாயின் விசைகள் சமன்.

இனி வலுவைப் பார்ப்போம்.

வேலை = விசை × விசையின் திசையில் சென்ற தூரம்
வலு = வேலை ÷ நேரம்
எனவே, வலு = விசை × கதி

உதாரணம் 2
ஒரு வீரர் செக்கனுக்கு 6 மீற்றர் கதியில் செல்லும்போது அவர்மீதான வளித்தடை 7 நியூற்றன் எனக் கொள்வோம். வேறு தடைகளைப் புறக்கணிக்க. அவர் செக்கனுக்கு 12 மீற்றர் கதியில் செல்வதற்குத் தேவையான வலு யாது?

செக்கனுக்கு 6 மீற்றரில்: வலு = 7 × 6 = 42 வாற்று
கதி இரு மடங்காவதால் வளித்தடை = 7 × 4 = 28 நியூற்றன்
செக்கனுக்கு 12 மீற்றரில்: வலு = 28 × 12 = 336 வாற்று

336 ÷ 42 = 8. கதியை இரு மடங்காக்குவதற்கு வலுவை எட்டு மடங்காக்க வேண்டியுள்ளது. சற்று வேகமாகச் செல்ல விரும்பும் வீரர் அதற்காக மிகப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருப்பது இதனாலாகும்.

முன்னால் செல்பவரின் பின்னால் வளி ஏற்கெனவே கலைந்து அவருடன் இழுபட்டுச் செல்கிறது. அம்மறைவில் ஒட்டிச் செல்பவருக்கு வளித்தடை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகிறது. இதனைக் காற்றுமறைவு என்போம். உதாரணம் 2இன் வீரர் இன்னொருவரின் காற்றுமறைவில் அதே 12 மீற்றர் கதியில் சென்றால் அவருக்குத் தேவையான வலு 336 × 2/3 = 224 வாற்று மாத்திரமே.

4. துரத்தும் குழுவின் கணக்கு

ஒருவர் தனியே முன்னே செல்கிறார். நால்வர் கொண்ட குழு ஒன்று அவரைத் துரத்துகிறது. நால்வரும் மாறி மாறி முன்னே வந்து காற்றை எதிர்கொள்கின்றனர். மற்றைய மூவரும் காற்றுமறைவில் இளைப்பாறுகின்றனர்.

உதாரணம் 3
தனியே செல்பவர் செக்கனுக்கு 12 மீற்றர் கதியிலும், துரத்துவோர் செக்கனுக்கு 12.5 மீற்றர் கதியிலும் செல்கின்றனர். உதாரணம் 2இன் தரவுகளைப் பயன்படுத்தி வலுக்களை ஒப்பிடுக.

தனியே செல்பவரின் வலு = 336 வாற்று

துரத்துவோருள் முன்னால் இருப்பவருக்கு:
வளித்தடை = 28 × (12.5 × 12.5) ÷ (12 × 12) = 30.4 நியூற்றன்
வலு = 30.4 × 12.5 = 380 வாற்று
பின்னால் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் வலு = 380 × 2/3 = 253 வாற்று (அண்ணளவாக)
ஒருவருக்கான சராசரி = (380 + 253 + 253 + 253) ÷ 4 = 285 வாற்று (அண்ணளவாக)

முடிவை அவதானியுங்கள். துரத்துவோர் அதிக கதியில் செல்கின்றனர். ஆயினும் ஒவ்வொருவரும் சராசரியாகக் குறைந்த வலுவையே செலவிடுகின்றனர். தனியே செல்பவர் குழுவிலுள்ள எவரிலும் பலசாலியாக இருந்தாலும் பிடிபடக் காரணம் இதுவே.

உதாரணம் 4
மேற்படி தனி வீரர் 1 நிமிடம் முன்னிலையில் உள்ளார். அவர் எவ்வளவு தூரத்தில் பிடிபடுவார்?

இடைத்தூரம் = 12 × 60 = 720 மீற்றர்
இடைத்தூரம் குறையும் வீதம் = 12.5 − 12 = செக்கனுக்கு 0.5 மீற்றர்
பிடிப்பதற்கு எடுக்கும் நேரம் = 720 ÷ 0.5 = 1440 செக்கன் = 24 நிமிடம்
அந்நேரத்தில் தனி வீரர் செல்லும் தூரம் = 12 × 1440 = 17,280 மீற்றர் = 17.28 கிலோமீற்றர்

முடிவிடம் 15 கிலோமீற்றரில் இருந்தால் அவர் வெற்றி பெறுவார். 20 கிலோமீற்றரில் இருந்தால் பிடிபடுவார். போட்டியின்போது ஒவ்வொரு வீரரும் மனத்துக்குள் செய்யும் கணக்கு இது. எப்போது தனியே முன்னே செல்வது என்ற முடிவில் ஒரு நாள் உழைப்பு முழுவதும் தங்கியுள்ளது.

இக்கணக்கின்படி பார்த்தால் 80 கிலோமீற்றருக்கு முன்னரே தனியே சென்ற டெய்க்னன் நிச்சயமாகப் பிடிபட்டிருக்க வேண்டும். ஆனால் மேற்படி கணக்குகள் தார் வீதிக்கு உரியவை. இப்போது கல் பாவிய வீதிக்குச் செல்வோம்.

5. கல் பாவிய வீதியில் நிகழ்வன

5.1 கதியும் காற்றுமறைவும்

கற்களின் மீது செல்லும்போது ரயர் ஒவ்வொரு கல்லிலும் மோதி மேலும் கீழும் அதிர்கிறது. வீரர் செலவிடும் சக்தியில் ஒரு பகுதி சைக்கிளையும் உடலையும் மேலே தூக்குவதிலும், ரயரையும் தசைகளையும் அதிரச் செய்து வெப்பமாவதிலும் கழிகிறது. இதனால் கதி குறைகிறது.

கதி செக்கனுக்கு 12 மீற்றரிலிருந்து 9 மீற்றராகக் குறைவதாகக் கொள்வோம்.
வளித்தடை = 28 × (9 × 9) ÷ (12 × 12) = 15.75 நியூற்றன்
வளித்தடைக்கு எதிரான வலு = 15.75 × 9 = 142 வாற்று (அண்ணளவாக)

தார் வீதியில் 336 வாற்றில் மூன்றிலொரு பங்கான 112 வாற்றைக் காற்றுமறைவு மிச்சப்படுத்தியது. கல் வீதியில் அது மிச்சப்படுத்துவது 142இல் மூன்றிலொரு பங்கான 47 வாற்று மாத்திரமே. எஞ்சிய வலு கற்களின் அதிர்வை எதிர்க்கவே செலவாகிறது. அந்த அதிர்வு, முன்னால் செல்பவருக்கும் பின்னால் செல்பவருக்கும் ஒன்றே. அதை மறைக்க எவராலும் முடியாது.

மேலும், ஒடுங்கிய வீதியின் நடுப்பகுதியே ஓரளவு சீரானது. அனைவரும் அதிலேயே ஒருவர் பின் ஒருவராகச் செல்ல விரும்புவர். முன்னால் உள்ளவர் விழுந்தால் பின்னால் வருபவரும் விழ நேரிடும் என்பதால் நெருங்கி ஒட்டிச் செல்லவும் தயங்குவர். எனவே குழுவின் நன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது.

5.2 ரயரின் அமுக்கம்

அமுக்கம் = விசை ÷ பரப்பளவு

உதாரணம் 5
வீரரினதும் சைக்கிளினதும் மொத்தத் திணிவு 84 கிலோகிராம். நிறை இரு சில்லுகளிலும் சமமாகத் தாங்கப்படுவதாகக் கொள்க. ரயரினுள் உள்ள வளியின் அமுக்கம் (வளிமண்டல அமுக்கத்திலும் மேலாக) 700,000 பஸ்கால் எனின், ஒரு ரயர் தரையைத் தொடும் பரப்பளவு யாது? அமுக்கத்தை 400,000 பஸ்காலாகக் குறைத்தால் அது எவ்வாறு மாறும்? (ரயரின் விறைப்பைப் புறக்கணிக்க. ஈர்வையினாலான ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 10 மீற்றர்.)

மொத்த நிறை = 84 × 10 = 840 நியூற்றன்
ஒரு சில்லில் = 420 நியூற்றன்
முதலாம் நிலை: பரப்பளவு = 420 ÷ 700,000 = 0.0006 சதுர மீற்றர் = 6 சதுர சென்ரிமீற்றர்
இரண்டாம் நிலை: பரப்பளவு = 420 ÷ 400,000 = 0.00105 சதுர மீற்றர் = 10.5 சதுர சென்ரிமீற்றர்

அமுக்கம் கூடிய ரயர் விறைப்பானது. கல்லில் பட்டதும் துள்ளுகிறது. அமுக்கம் குறைந்த ரயர் கல்லைச் சுற்றி அமிழ்ந்து, அதிர்வில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அமுக்கத்தை மிகவும் குறைத்தாலும் ஆபத்து உண்டு. கல்லின் விளிம்பு ரயரை முற்றாக அழுத்திச் சில்லின் விளிம்பில் மோதும். ரியூப் நசுங்கிக் காற்றுப் போகும், சில்லும் உடையலாம். ஆகவே வீரர்கள் இப்போட்டிக்கு அகலம் கூடிய ரயரைப் பொருத்தி, சாதாரண வீதிப் போட்டிகளிலும் பார்க்கக் குறைந்த அமுக்கத்துக்குக் காற்றடிக்கின்றனர். அகலமான ரயரில் கல்லுக்கும் சில்லுக்கும் இடையே அதிக இடைவெளி இருப்பதால் குறைந்த அமுக்கத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம்.

5.3 உராய்வு

எல்லை உராய்வு விசை, தொடுகையிலுள்ள மேற்பரப்புகளின் தன்மையிலும் செவ்வன் மறுதாக்கத்திலும் தங்கியுள்ளது. தொடுகைப் பரப்பளவில் தங்கியிருப்பதில்லை எனப் பாடத்தில் கற்றுள்ளீர்கள்.

அவ்வாறாயின் துள்ளும் ரயர் ஏன் வழுக்குகிறது? ரயர் கல்லை விட்டு எழும் கணத்தில் செவ்வன் மறுதாக்கம் பூச்சியமாகிறது. எனவே உராய்வு விசையும் பூச்சியமாகிறது. அக்கணத்தில் மிதித்தலும் பயனற்றது. திருப்புதலும் தடுத்தலும் இயலாது. ரயர் தொடர்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது இதனாலேயே முக்கியமாகிறது. மழை பெய்து கற்களில் சேறு படிந்தால் மேற்பரப்பின் தன்மை மாறி எல்லை உராய்வு மேலும் குறையும். 2021இல் பெண்களின் போட்டியிலும், மறுநாள் நடந்த ஆண்களின் போட்டியிலும் பலர் விழுந்ததற்கு இது ஒரு காரணமாகும்.

5.4 இயக்கசக்தி

ஆரன்பேர்க் காட்டு வீதியை வீரர்கள் மிகுந்த கதியில் அடைவது ஆபத்தானதென வீரர்கள் முறையிட்டதன் பேரில், 2024இல் அதன் நுழைவாயிலுக்குச் சற்று முன்னர் கூர்மையான வளைவுகள் அமைக்கப்பட்டன. காரணத்தைக் கணித்துப் பார்ப்போம்.

இயக்கசக்தி = ½ × திணிவு × கதியின் வர்க்கம்
84 கிலோகிராம், செக்கனுக்கு 15 மீற்றர் எனின்: ½ × 84 × 225 = 9450 யூல்
84 கிலோகிராம், செக்கனுக்கு 8 மீற்றர் எனின்: ½ × 84 × 64 = 2688 யூல்

கதி ஏறத்தாழ அரைவாசியாகும்போது இயக்கசக்தி நான்கிலொரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது. விழுபவரின் எலும்பு தாங்க வேண்டிய சக்தியும் அவ்வாறே குறைகிறது.

6. வீரரின் உடலில் சக்தி

தசைக் கலங்களில் குளுக்கோசு ஒட்சியேற்றப்பட்டுச் சக்தி வெளிவிடப்படுவது கலச்சுவாசமாகும்.

காற்றுச் சுவாசம்:
குளுக்கோசு + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர் + சக்தி

கூட்டத்தை விட்டு முன்னே பாயும்போது தசைகளுக்குத் தேவையான ஒட்சிசன் போதியளவு கிடைப்பதில்லை. அப்போது காற்றின்றிய சுவாசமும் நடைபெற்று இலற்றிக் அமிலம் உண்டாகிறது. இவ்வாறு நீண்ட நேரம் தொடர முடியாது. எனவே பாய்ந்து முன்னேறிய வீரர் அதன்பின் காற்றுச் சுவாசத்துக்கு ஏற்ற சீரான வலுவுக்குத் தம்மைக் கட்டுப்படுத்த வேண்டும்.

உதாரணம் 6
ஆண்களின் போட்டியில் ஒருவர் சராசரியாக 250 வாற்று வலுவில் 19,500 செக்கன் மிதிக்கிறார் எனக் கொள்வோம். உடலில் வெளிவிடப்படும் சக்தியில் நான்கிலொரு பங்கே மிதித்தலில் பயன்படுகிறது எனின், அவருக்குத் தேவையான மொத்தச் சக்தி யாது?

செய்த வேலை = 250 × 19,500 = 4,875,000 யூல் = 4875 கிலோயூல்
தேவையான சக்தி = 4875 × 4 = 19,500 கிலோயூல்

ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்பட்டுள்ள காபோவைதரேற்று ஏறத்தாழ 500 கிராம். ஒரு கிராமிலிருந்து 16 கிலோயூல் எனக் கொண்டால் 8000 கிலோயூல் மாத்திரமே கிடைக்கும். எஞ்சியது கொழுப்பிலிருந்தும், ஓடும்போதே உண்ணும் உணவிலிருந்தும் பெறப்பட வேண்டும். கைபிடியை விட்டுக் கையை எடுக்க முடியாத கல் வீதியில் உண்பது இயலாது. எனவே தார் வீதி வரும்போது உண்ணத் தவறியவர் இறுதி மணித்தியாலத்தில் சோர்ந்துவிடுவார். எஞ்சிய நான்கில் மூன்று பங்கு சக்தி வெப்பமாகிறது. வியர்வை ஆவியாவதனால் அது அகற்றப்படுகிறது. ஆகவே நீரும் இடைவிடாது அருந்தப்பட வேண்டும்.

இங்கு இன்னொரு நிகழ்வும் குறிப்பிடத்தக்கது. அவுஸ்திரேலிய வீரர் மத்தியூ ஹேமன், 2016இல் இப்போட்டிக்கு ஆறு வாரங்களுக்கு முன்னர் நடந்த வேறொரு போட்டியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். வீதியில் ஓட முடியாத நிலையில், வீட்டினுள் நிலையாகப் பொருத்திய சைக்கிளில் அவர் பயிற்சி செய்தார். அதில் சைக்கிள் ஓரங்குலமும் நகர்வதில்லை. ஆனால் இதயம், சுவாசப்பை, கால் தசைகள் ஆகியவை வேலை செய்கின்றன. அவ்வாண்டு 37 வயதில் அவர் பரிஸ்–ரூபேயில் முதலிடம் பெற்றார். இறுதிக் கோட்டில் அவர் முந்தியது, இப்போட்டியை நான்கு தடவை வென்ற பெல்ஜிய வீரர் தொம் போனனையாகும்.

7. முதல் வினாவுக்கு விடை

டெய்க்னன் ஏன் பிடிபடவில்லை? இப்போது காரணங்களைத் தொகுத்து எழுதலாம்.

(1) எஞ்சிய 80 கிலோமீற்றரில் கல் பாவிய துண்டுகள் அடுத்தடுத்து இருந்தன. அவற்றில் கதி குறைவதால், குழுவுக்குக் காற்றுமறைவினால் கிடைக்கும் நன்மையும் குறைந்தது.
(2) ஈரமும் சேறும் உராய்வைக் குறைத்தன. குழுவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்களும் தடைப்பட்டனர். தனியே சென்றவர் தமக்கு விருப்பமான பாதையைத் தெரிவு செய்யக்கூடியதாக இருந்தது.
(3) உதாரணம் 3இன் கணக்கு, குழுவிலுள்ள அனைவரும் மாறி மாறி முன்னே வந்தால் மாத்திரமே பொருந்தும். பின்னால் வந்தவர்களுள் டெய்க்னனின் அணியைச் சேர்ந்த எலிசா லொங்கோ போர்கினியும் இருந்தார். தம் அணியினரைத் துரத்த அவர் உதவ வேண்டியதில்லை. அவர் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார்.

இதே மூன்றாவது காரணத்தை 2024 ஆண்களின் போட்டியிலும் காணலாம். நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டர் பூல் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் இருக்கும்போது தனியே சென்று, 3 நிமிட வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் இடம் பெற்ற ஜாஸ்பர் பிலிப்சன் அவரது அணியைச் சேர்ந்தவரே.

ஆக, வளித்தடை தனியே செல்பவருக்கு எதிரி. ஆனால் கல்லும் சேறும் எல்லோருக்கும் பொது எதிரி. பொது எதிரி பெரிதாகும் இடத்தில் தனியே செல்பவரின் குறை சிறிதாகிறது. எந்த வீதியில் எந்த விசை பெரியது என்பதை அறிந்து, அதற்கேற்பத் தம் வலுவைச் செலவிடுபவரே இப்போட்டியில் வெல்கிறார்.

8. பயிற்சி வினாக்கள்

1. 2024 ஆண்களின் போட்டியில் வெற்றியாளர் 259.7 கிலோமீற்றர் தூரத்தை 5 மணித்தியாலம் 25 நிமிடம் 58 செக்கனில் ஓடினார். சராசரிக் கதியைக் காண்க.
2. சமதரையில் நேர்கோட்டில் மாறாக் கதியில் செல்லும் வீரர்மீதான விளையுள் விசை யாது? உமது விடைக்குக் காரணம் தருக.
3. தனி வீரர் ஒருவர் செக்கனுக்கு 11 மீற்றர் கதியில், 40 செக்கன் முன்னிலையில் செல்கிறார். துரத்தும் குழுவின் கதி செக்கனுக்கு 11.5 மீற்றர். முடிவிடம் 8 கிலோமீற்றரில் உள்ளது. அவர் பிடிபடுவாரா?
4. ஒரு சில்லின் மீதான விசை 360 நியூற்றன். ரயரின் அமுக்கம் 300,000 பஸ்கால். தொடுகைப் பரப்பளவைக் காண்க.
5. கல் வீதியில் செல்லும்போது தண்ணீர்ப் போத்தல் அதன் தாங்கியிலிருந்து வெளியே பாய்வதைச் சடத்துவத்தின் அடிப்படையில் விளக்குக.

விடைகள்

1. நேரம் = 19,558 செக்கன். கதி = 259,700 ÷ 19,558 = செக்கனுக்கு 13.3 மீற்றர் (மணித்தியாலத்துக்கு 47.8 கிலோமீற்றர்).
2. பூச்சியம். கதியும் திசையும் மாறாததால் ஆர்முடுகல் இல்லை. எனவே முன்னோக்கிய விசையும் பின்னோக்கிய விசைகளும் சமநிலையில் உள்ளன.
3. இடைத்தூரம் = 440 மீற்றர். நேரம் = 440 ÷ 0.5 = 880 செக்கன். அந்நேரத்தில் அவர் செல்லக்கூடிய தூரம் = 11 × 880 = 9680 மீற்றர். முடிவிடம் 8000 மீற்றரிலேயே உள்ளதால் அவர் பிடிபட மாட்டார்.
4. 360 ÷ 300,000 = 0.0012 சதுர மீற்றர் = 12 சதுர சென்ரிமீற்றர்.
5. கல்லில் மோதி சைக்கிள் மேலெழும்போது போத்தலும் மேல்நோக்கிய வேகத்தைப் பெறுகிறது. சைக்கிள் உடனே கீழிறங்கும்போது, சடத்துவம் காரணமாகப் போத்தல் தொடர்ந்து மேல்நோக்கி இயங்க முற்படுகிறது. தாங்கியின் பிடி போதாதவிடத்து அது வெளியே பாய்கிறது.

மாணவர்களே, மூன்றாவது வினாவைச் செய்யும்போது கணக்கை இடைநடுவில் நிறுத்திவிடாதீர்கள். 9680 மீற்றர் எனக் கண்டவுடன் விடை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுவர். முடிவிடம் எங்கே உள்ளது என்பதுடன் ஒப்பிட்டு, பிடிபடுவாரா இல்லையா என எழுதினாலே முழுப் புள்ளியும் கிடைக்கும். பரீட்சையிலும் முடிவுக் கோடு வரை ஓடியே தீர வேண்டும்.